துபாயிலிருந்து ஒரே நாளில் அல் ஐன் போய், ஆங்கிலேயப் பாலைவனப் பயணி தெசிஜர் தங்கிய இடங்களைப் பார்க்கலாமா, இல்லை வெறும் மண் சுவர்தானா?

போங்கள். கண்டிப்பாகப் போங்கள். "நண்பர்கள் எல்லாம் அங்கே வெறும் மண் சுவர்தான், அதற்கா ஒரு லீவு நாளை வீணாக்குகிறாய் என்கிறார்கள்" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். அபுதாபி அமீரகத்தில் இருக்கும் இந்த அல் ஐனில் ஒன்பது வருஷம் வேன் ஓட்டியவன் நான். ஜாஹிலி கோட்டை வாசலில் இறங்கி, கால் மணி நேரத்தில் நாலு செல்ஃபி எடுத்துக்கொண்டு, "அண்ணா, மால் பக்கம் விட்டுடுங்க" என்று வந்து ஏறியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத்தான் தெரியும். நீங்கள் குழந்தைகளோடு போகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன், அவர்களுக்கும் இது பிடிக்கும்.

முதலில் ஒரு விஷயம். பலரும் இரண்டு கோட்டைகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். வில்ஃப்ரெட் தெசிஜர் எடுத்த படங்கள் நிரந்தரமாக வைக்கப்பட்டிருப்பது ஜாஹிலி கோட்டையில். 1890களில் முதலாம் சாயித் கட்டியது அது, அடுக்கடுக்காக ஏறும் வட்டக் கோபுரம் அதன் அடையாளம். ஆனால் 1948 வசந்த காலத்தில் தெசிஜர், அந்த முதலாம் சாயிதின் பேரன் ஷேக் சாயிதின் விருந்தாளியாகச் சில வாரங்கள் தங்கியது அதே ஊரில் இருக்கும் முவைஜி கோட்டையில். அப்போது சாயித் நாட்டின் தலைவர் இல்லை, அபுதாபி ஆட்சியாளரான அண்ணன் ஷக்பூத்தின் சார்பில் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர். தெசிஜர் போய் இறங்கியபோது சாயித் கோட்டைக்கு வெளியே ஒரு முள் மரத்தடியில் முப்பது பேரோடு மணலில் உட்கார்ந்து ஊர் வழக்குகளைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். அதே வருஷம் செப்டம்பரில் அதே கோட்டையில்தான் சாயிதின் மகன் கலீஃபா பிறந்தார், பின்னாளில் ஜனாதிபதி ஆனாரே, அவர். அதனால் முவைஜியை விட்டுவிடாதீர்கள், மால் எங்கேயும் போகாது.

இனி என் கதை. வேலையில் சேர்ந்த முதல் இரண்டு வருஷம் நான் ஜாஹிலிக்குள் கால் வைத்ததே இல்லை. ஆட்களை இறக்கிவிட்டுப் பார்க்கிங்கில் நிற்க வேண்டும், வண்டியை அணைத்து வைக்க வேண்டும், டீசல் கணக்குக் கேட்பார்கள். ஜூலை மாத வெயிலில் அணைத்து வைத்த வேன் எப்படி இருக்கும் என்று ஓட்டியவர்களைக் கேளுங்கள். டிரைவர்களை உள்ளே விட மாட்டார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வாசலில் இருந்த காவலாளி, ராமநாதபுரம் பக்கத்து ஆள், என்னைவிடப் பத்து வயது பெரியவர், கூப்பிட்டார். "தம்பி, ஏன் வெயில்ல கெடக்க? உள்ள வா, ஏசி இருக்கு, காசெல்லாம் கேக்க மாட்டாங்க." ஏசிக்காகத்தான் போனேன். அதை மறைக்க ஒன்றும் இல்லை.

உள்ளே கனத்த மண் சுவர், மேலே பேரீச்ச மரத்தை நீளவாக்கில் வெட்டிப் போட்ட உத்தரம், அதன் மேல் ஓலைப் பாய். எங்கள் தாத்தா வீட்டில் பனங்கை போட்டு மண் பூசியிருந்த மாதிரியே இருந்தது. சுவரெல்லாம் கருப்பு வெள்ளைப் படங்கள். ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டேன். பதினாறு பதினேழு வயது இருக்கும் ஒரு பையன், தோளில் விழும் முடி, இடுப்பில் வளைந்த கத்தி, கையில் துப்பாக்கி, செருப்பு இல்லாத கால். ஆளைப் பார்த்தால் பட்டினி தெரிகிறது, முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. சலீம் பின் கபினா என்று காவலாளி அண்ணன் பெயரைப் படித்துச் சொன்னார். "இவுங்கதாம்பா வழி காட்டுனது. வெள்ளக்காரரு படம் புடிச்சாரு."

அந்த வார்த்தை மண்டையைவிட்டுப் போகவில்லை. பழைய புத்தகக் கடையில் இருபது திர்ஹாமுக்கு அவருடைய 'அரேபியன் சாண்ட்ஸ்' வாங்கினேன், 1959ல் வந்த புத்தகம், அகராதியோடு ரூமில் உட்கார்ந்து எட்டு மாதம் படித்தேன். வெட்டுக்கிளி எங்கே முட்டையிடுகிறது என்று பார்க்கும் வேலையாக அரேபியாவுக்கு வந்தவர், ரப் அல் காலி என்கிற அந்தப் பெரும் பாலைவனத்தை இரண்டு முறை கடந்தார், 1946-47ல் ஒன்று, 1948ல் ஒன்று. அவருக்கு முன்பே பெர்ட்ராம் தாமஸும், சவூதி அரசரின் ஆலோசகராக இருந்த ஃபில்பியும் கடந்திருந்தார்கள், அவர் முதல் ஆள் இல்லை. முதல் பயணத்தில் மிகப் பெரிய மணல் குன்றுகளைத் தாண்ட வழி தெரிந்தவர் முகமது அல் அவுஃப் என்ற ராஷித் குலத்துக்காரர். ஏற்கெனவே அந்த வழியைக் கடந்திருக்கிறேன் என்று அவர் சொல்ல, கூட யார் வந்தார்கள் என்று தெசிஜர் கேட்கிறார். தனியாகத்தான் வந்தேன், அல்லாதான் துணை என்கிறார். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன், அன்றைக்கு மேற்கொண்டு ஒரு பக்கம் ஓடவில்லை.

அப்புறம் லிவா. டிசம்பரில் அந்தச் சோலைகளின் ஓரம் வரை வந்தும் உள்ளே போக முடியவில்லை. ஒரு கிறிஸ்தவர் வந்திருக்கிறார் என்று செய்தி பரவினால் எல்லோருக்கும் ஆபத்து. கூட வந்தவர்கள் சாப்பாடு வாங்கப் போக, இவர் மூன்று நாள் மணலில் பட்டினியாகப் படுத்துக் கிடக்கிறார். காரையும் ரேடியோவையும் நம்பி வயிறு நிறைய நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைவிட இதுவே மேல் என்று அப்போது தோன்றியதாம். இந்த இடத்தில் நான் அவரோடு ஒத்துப்போக மாட்டேன். கார் வேண்டாம் என்று சொல்ல அவரால் முடிந்தது. ஊர் திரும்பினால் அவருக்குச் சாப்பாடு இருந்தது. என் வீட்டில் அடுப்பு எரிந்ததும் தங்கச்சி கல்யாணம் நடந்ததும் அந்தக் காரால்தான். 1977ல் திரும்ப வந்து அபுதாபியின் உயரக் கட்டிடங்களைப் பார்த்து மனம் நொந்துபோனார். பின் கபினாவும், அவரைப் போலவே கூட வந்த பின் கபைஷாவும் அந்தத் தடவையும் அவரைச் சந்தித்தார்கள். பழைய பசியே போதும் என்று அவர்கள் இருவரும் நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

"வெள்ளைக்காரனைத் தூக்கி வைத்துப் பேசுகிறாய்" என்று கீழே யாராவது வருவீர்கள், தெரியும். மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டின் தம்பி மகன்தான் இவர். ஜாலியன்வாலா பாக் நடந்ததும் அந்தப் பெரியப்பா ஆட்சியில்தான். அதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். ஆனால் வழிகாட்டிகளின் பெயரையும் குலத்தையும் முகத்தையும் இத்தனை கவனமாகப் பதிந்து வைத்ததும் அதே மனிதர்தான். அவர் எழுதாமல் போயிருந்தால் பின் கபினா யார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். 1948ல் அனுமதி இல்லாமல் சவூதி எல்லைக்குள் சுலையில் என்ற ஊருக்குப் போனதற்காக அவரைப் பிடித்து வைத்தார்கள். அரசரிடம் பேச ஃபில்பி இருந்தார், சீக்கிரமே விட்டுவிட்டார்கள். என் அப்பா இறந்தபோது என் பாஸ்போர்ட் கம்பெனி லாக்கரில் இருந்தது. சாவி வைத்திருந்தவர் ஈத் விடுமுறையில் போயிருந்தார். மூன்று நாள் கழித்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன், காரியம் எல்லாம் முடிந்திருந்தது. எனக்காகப் பேச அங்கே ஒரு ஆள் இல்லை. தொழிலாளியின் பாஸ்போர்ட்டை கம்பெனி வாங்கி வைக்கக் கூடாது என்று அமீரகச் சட்டமே சொல்கிறது. இதைப் படிக்கும் தம்பிகள் யாராவது கொடுத்து வைத்திருந்தால் இன்றைக்கே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் பயணம். துபாயிலிருந்து ஒன்றரை மணி நேரம். காலையிலேயே முவைஜி, அடுத்து ஜாஹிலி, வெயில் ஏறியதும் அல் ஐன் சோலைக்குள் போய்விடுங்கள். பேரீச்சை நிழலில் ஃபலஜ் வாய்க்கால் ஓடும், குழந்தைகளை அதன் ஓரமாகவே நடக்கவிடுங்கள். இந்தச் சோலைகளையும் ஹஃபீத், ஹிலி தொல்லியல் இடங்களையும் சேர்த்து 2011ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டார்கள். திங்கட்கிழமை வேண்டாம், நான் இருந்தவரை ஜாஹிலிக்கு அன்றுதான் விடுமுறை. வாடகை வண்டியில் போனால் டிரைவரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள், அந்தப் பையன் படத்தை அவரும் பார்க்கட்டும்.