ரீச்சருக்கு இடமாற்றம் வந்தாலும் நடக்கிற கழகம்

கேள்வி: துணுக்காய் கல்வி வலயத்தில், வவுனிக்குளத்துக்குக் கிட்ட உள்ள பாடசாலை ஒன்றில் தரம் 12 கலைப்பிரிவில் படிக்கிறேன். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து சூழல் கழகம் தொடங்க யோசிக்கிறோம். முன்பும் ஒன்று இருந்ததாம். பொறுப்பாக இருந்த ரீச்சர் யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாகிப் போனதும் நின்றுவிட்டது; பெயர்ப்பலகை மட்டும் இருக்கிறது. அதிபர் "எழுத்தில தாங்கோ, பாப்பம்" என்கிறார். பள்ளி விட்டதும் பாதிப் பேர் பஸ்ஸுக்கு ஓடவேண்டும். ஏ.எல். கெட்டுவிடும் என்று அம்மா பேசுகிறா. கனடாவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் ரீசேட்டுக்கும் திறப்பு விழாவுக்கும் காசு அனுப்புகிறேன் என்கிறார். எங்கிருந்து தொடங்குவது ஐயா?

பதில்: பிள்ளை, அந்தப் பெயர்ப்பலகையைக் கழற்றிவிடாதீர்கள். அது இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. நீங்கள் கேட்கப்போவது புதுக் கழகத்துக்கான அனுமதி அல்ல, நின்றுபோனதைத் திரும்ப நடத்துவதற்கான அனுமதி. அதிபரின் கதிரையில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல. புதியது என்றால் யார் பொறுப்பு, வலயத்துக்கு அறிவிப்பதா, நாளைக்கு ஏதும் நடந்தால் யார் பதில் சொல்வது என்று யோசிப்பார். ஏற்கெனவே இருந்தது என்றால் பாதித் தயக்கம் போய்விடும். அலுவலக அலுமாரியில் அந்தக் கழகத்தின் பழைய கூட்டக் குறிப்புகள் கிடக்கின்றனவா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் கிடைத்தாலும் நல்லது.

"எழுத்தில தாங்கோ" என்று அதிபர் சொன்னதைத் தட்டிக்கழிப்பாக எடுக்கவேண்டாம். பெரும்பாலும் அது நேரான பதில்தான். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. சூழல் மாசடைதல் பற்றிய கட்டுரை அதில் வேண்டாம். தமிழ்த்தினப் போட்டிக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். அதிபருக்குத் தெரியவேண்டியது இவ்வளவுதான்: என்ன செய்யப்போகிறீர்கள், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்த ஆசிரியரின் பார்வையில், எத்தனை மாணவர்கள், காசு வேண்டுமா. கடைசி வரி இப்படி இருக்கட்டும்: "இந்தத் தவணை முழுவதும் பாடசாலை வளவுக்குள் மட்டுமே செயற்படுவோம். தவணை முடிவில் செய்தவற்றை எழுதித் தங்களிடம் ஒப்படைப்போம்." ஒரு தவணைக்கு மட்டும் கேட்டால் 'ஓம்' சொல்வது அவருக்கும் லேசு.

அடுத்தது பொறுப்பாசிரியர். உங்கள் பழைய கழகம் விழுந்த இடம் இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். வன்னிப் பாடசாலைகளில் ஆசிரியர்களில் பலர் யாழ்ப்பாணத்தில் இருந்தோ வவுனியாவில் இருந்தோ வருகிறவர்கள். விடியப்புறம் பஸ் ஏறி வந்து, திரும்பிப்போய் வீட்டையும் பார்க்கிறார்கள். கஷ்டப் பிரதேச சேவைக்காலம் முடிந்ததும் மாற்றல் கேட்பது அவர்களுடைய உரிமை. அவர்கள் போவதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கழகம் முழுவதையும் அப்படி ஒருவரின் தலையில் கட்டிவைத்தால், அவருடைய மாற்றல் கடிதத்தோடு கழகமும் பஸ் ஏறிவிடும். ஆகவே இரண்டு பேரைக் கேளுங்கள். ஒருவர் உங்கள் ஊரிலோ அயலூரிலோ குடியிருப்பவர். என்ன பாடம் படிப்பிக்கிறார் என்பது முக்கியமில்லை. சமயபாட ஆசிரியராக இருந்தாலும் சரிதான். மற்றவர் விஞ்ஞானமோ புவியியலோ தெரிந்தவர், எங்கிருந்து வந்தாலும் பரவாயில்லை. முதலாமவரால் கழகம் நிற்கும், இரண்டாமவரால் அதற்குள் விஷயம் இருக்கும். மாணவிகள் இருப்பதால் இருவரில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. கேட்கும்போது "எங்களுக்குப் பொறுப்பாக இருங்கோ சேர்" என்று மொட்டையாகக் கேட்காமல், "கிழமைக்கு ஒரு நாள் 20 நிமிஷம்" என்று அளவைச் சொல்லிக் கேளுங்கள். ஆசிரியர்கள் பயப்படுவது வேலைக்கு அல்ல, எல்லை தெரியாத வேலைக்கு.

நேரம். பாடசாலை 1.30க்கு விடுகிறது. அடுத்த பஸ் எத்தனைக்கோ தெரியாது என்றால் அதற்குப் பிறகு கூட்டம் வைக்காதீர்கள். வைத்தால் ரோட்டோரத்தில் வீடு உள்ள பிள்ளைகளின் கழகமாகத்தான் அது மாறும். பாண்டியன்குளப் பக்கமோ மல்லாவிப் பக்கமோ உள்ளே இருந்து வருகிறவர்கள் இரண்டாம் கிழமையே நின்றுவிடுவார்கள். பின்னேரம் பிந்தினால் யானைப் பயமும் உண்டு. காலை ஒன்றுகூடலுக்கு முன் 15 நிமிஷம், அல்லது இடைவேளையில் பாதி. அது போதாது என்று தோன்றும். கதைக்கப் போதாதுதான், வேலை செய்யப் போதும். நீண்ட கூட்டம் தவணைக்கு ஒன்று வைத்தால் காணும், அதையும் இணைப்பாடவிதானத்துக்கு ஒதுக்கிய பாடவேளையில் கேட்டு வாங்குங்கள். இல்ல விளையாட்டுப்போட்டிக் காலத்திலும் தவணைப் பரீட்சைக்கு முதல் இரண்டு கிழமையிலும் ஒன்றும் வைக்காதீர்கள். அந்த நாட்களில் வராதவனைத் துரோகி மாதிரிப் பார்க்கிற பழக்கம் எங்கள் மன்றங்களில் நிறைய இருக்கிறது.

இனி வேலை. நான் பார்த்தவரை கழகங்கள் சாவது வேலை கூடி அல்ல, வேலை இல்லாமல்தான். தலைவர், செயலாளர், பொருளாளர், உப தலைவர், பத்திராதிபர் என்று தெரிவு நடக்கும், குத்துவிளக்கு எரியும், பிறகு உலக சுற்றாடல் தினமான ஜூன் 5க்கு ஒரு பேச்சு. அடுத்த வருஷமும் ஜூன் 5. போர் முடிந்து மீள்குடியேறிய பிறகு தொண்டு நிறுவனங்களின் திட்டங்களோடு வந்த கழகங்களும் இப்படித்தான், திட்டம் முடிய முடிந்தன. ஆகவே தெரிவைத் தள்ளிப்போடுங்கள். நாளாந்தம் அல்லது கிழமைக்கொருமுறை செய்தே ஆகவேண்டிய ஒரு சின்ன வேலையை எடுங்கள்.

என்னைக் கேட்டால் மழைமானி. செலவில்லை. நேரான பக்கமுள்ள பெரிய பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றின் மேற்பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல்போல் வையுங்கள். போத்தலின் அடி மேடு பள்ளமாக இருக்கும். சின்னக் கல் போட்டு, பக்கம் நேராகத் தொடங்குமிடம்வரை தண்ணீர் விட்டு, அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று குறியுங்கள். அதிலிருந்து மேலே மில்லிமீற்றர் குறித்த அடிமட்டம் (ஸ்கேல்) ஒன்றை ஒட்டினால் மழைமானி தயார். வெயில் நாளில் அந்தத் தண்ணீர் வற்றும், பூச்சியத்துக்கு நிரப்பி வைக்க மறக்கவேண்டாம். கூரைக்கும் மரத்துக்கும் கீழே வைக்காதீர்கள். கிட்ட உள்ள மரமோ கட்டடமோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி நிற்கவேண்டும். வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30க்கு அளவெடுக்கிறது. அந்த நேரம் நீங்கள் வகுப்பில். 7.30க்கே எடுங்கள், ஆனால் எந்த நாளும் அதே நேரம். எடுத்ததும் பூச்சியக் கோட்டுக்கு மேலுள்ள தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டுக் கொப்பியில் எழுதவேண்டும். மழை இல்லாத நாளும் 0 என்று எழுதவேண்டும். எழுதாமல் விட்ட நாளும் மழை பெய்யாத நாளும் ஒன்றாகிவிட்டால் கொப்பியால் பயனில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் இதன் ருசி தெரியும். "நேற்று 34 மில்லிமீற்றர்" என்று கரும்பலகையில் எழுதிவையுங்கள். காலபோகம் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற தகப்பன்மார் பிள்ளைகளிடம் கேட்டு அனுப்புவார்கள். கணித ஆசிரியரையும் இழுக்கலாம்: ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் தண்ணீர். 100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் விழுந்தால் 1,000 லீற்றர். உங்கள் மண்டபக் கூரையை அளந்து, ஒரு மாரியில் எவ்வளவு தண்ணீர் பீலியால் ஓடிப் போகிறது என்று கணக்குப் போட்டு அதிபரிடம் கொடுங்கள். அடுத்த தவணைக்கு அனுமதி கேட்கவே தேவைப்படாது.

இதோடு குளத்தின் நீர்மட்டத்தையும் சேர்க்கலாம். அதற்கு நீங்கள் போகவேண்டியதில்லை. குளத்துத் துருசடி (மதகடி) அளவுகோலில் தண்ணீர் எத்தனை அடி என்பது கமக்கார அமைப்பில் உள்ளவர்களுக்குத் தெரியும். ஒரு அங்கத்தவரின் அப்பாவைக் கேட்டாலே போதும். மழையையும் அடியையும் ஒரே வரைபில் போட்டுப் பாருங்கள்; ஊரில் பெய்யாமலே குளம் ஏறுகிற நாட்கள் வரும். குளத்துக்கு வருகிற பாலியாறு எங்கிருந்து தண்ணீர் கொண்டுவருகிறது என்ற கேள்வி அப்போது தானாகக் கிளம்பும்.

மரநடுகை எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. கார்த்திகை மாதத்தில் வடக்கில் எல்லாரும் நடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். கன்று சாவது ஆடி, ஆவணியில், பாடசாலை விடுமுறையில். 200 நடுவதைவிட 20 நட்டு, ஒவ்வொன்றுக்கும் கிட்ட வீடுள்ள ஒரு அங்கத்தவரின் பெயரை எழுதுங்கள். ஆடு மாட்டுக்கு அடைப்பு இல்லாமல் ஒரு கன்றும் நடவேண்டாம். வேம்பு, நாவல், தண்ணீர் நிற்கிற பக்கத்துக்கு மருது. பாலை மரம் வைக்க ஆசையாக இருக்கும், வையுங்கள். ஆனால் அது மிக மெதுவாக வளரும் மரம், நீங்கள் ஏ.எல். எழுதும்போதும் முழங்காலுக்குத்தான் நிற்கும்.

பறவை பார்ப்பது இரண்டாம் தவணைக்கோ அடுத்த மாரிக்கோ. வலசைப் பறவைகள் ஒக்டோபர் தொடக்கம் ஏப்ரல்வரை நிற்கும். நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், தாமரைக்கோழி என்று பத்துப் பதினைந்து இனத்தைப் பிழையில்லாமல் அடையாளம் காணப் பழகினால் போதும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. அதே மாதத்தில் நீங்களும் ஒரே இடத்தில் நின்று ஒரு மணித்தியாலம் எண்ணிக் கொப்பியில் வைத்தால், வருஷத்துக்கு வருஷம் ஒப்பிட ஒரு சாமான் கையில் இருக்கும்.

குளத்துக்குப் போவது என்றால் அது வேறு கதை. வளவைத் தாண்டும் பயணத்துக்கு அதிபர் வலயக் கல்வி அலுவலகத்திடம் அனுமதி எடுக்கவேண்டியிருக்கும். எத்தனை நாளுக்கு முதல் விண்ணப்பிப்பது என்று அவரிடமே கேளுங்கள். பெற்றோரின் கையொப்பக் கடிதம், இரண்டு ஆசிரியர், பெயர்ப்பட்டியல். குளக்கட்டில் மட்டும் நில்லுங்கள், தண்ணீரில் இறங்குவது கிடையாது. முதலை உள்ள குளங்கள் எங்களுடையவை. குளம் நிரம்பி வான் பாயும் நாட்களில் அந்தப் பக்கமே வேண்டாம். காட்டோரத்தில் பழைய இரும்பு, துருப்பிடித்த சாமான் எதைக் கண்டாலும், போர்க்கால வெடிபொருளாக இருக்கலாம், தொடாமல், வந்த வழியே திரும்பிப் பொலிஸுக்கு, 119க்கு, சொல்லவேண்டும். இதை முதல் நாளே தரம் 6 பிள்ளைக்கும் விளங்கச் சொல்லிவிடுங்கள்.

அங்கத்தவர்களை எங்கே தேடுவது? உங்கள் வகுப்பில் அல்ல. நீங்கள் மூவரும் அடுத்த வருஷம் தரம் 13, பிறகு வெளியே. தரம் 11 ஓ.எல். பிள்ளைகளை இழுக்கவும் வேண்டாம். தரம் 8, 9தான் உங்களுக்கு வேண்டிய ஆட்கள். ஆசை இருக்கும், நேரம் இருக்கும், இன்னும் நாலைந்து வருஷம் பாடசாலையில் இருப்பார்கள். ஒரு தவணை முடிந்து, யார் சொல்லாமல் வந்து மழைமானி பார்த்தது என்று தெரிந்தபிறகு தெரிவை வையுங்கள். ஒவ்வொரு பதவிக்கும் தரம் 9 இல் ஒரு துணை. நீங்கள் தரம் 13க்குப் போகும் முதல் மாதமே பதவியைக் கொடுத்துவிட்டு, கூப்பிட்டால் மட்டும் போங்கள். பழைய தலைவி பின்வாங்கில் இருந்து கொண்டு ஆட்டுவிக்கிற கழகத்தில் புதுத் தலைவி வளரமாட்டாள்.

எல்லாவற்றையும் ஒரு சீஆர் கொப்பியில் எழுதுங்கள். மழை அளவு ஒரு பக்கம், கூட்டக் குறிப்பு பின்பக்கம். யாரிடம் என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது, எந்தக் கன்று எதனால் பட்டுப்போனது என்பதுவரை. அந்தக் கொப்பி உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடாது, ரீச்சரின் பையிலும் இருக்கக்கூடாது, பாடசாலை அலுமாரியில். அடுத்து வரும் ஆசிரியர் ஒரு பின்னேரத்தில் வாசித்துவிட்டு மறுநாளே பொறுப்பேற்கக் கூடியதாக அது இருக்கவேண்டும்.

அம்மாவுக்குப் பொய் சொல்லவேண்டாம். கழகத்தால் ஏ.எல். இசட் புள்ளி ஒரு தசமமும் ஏறாது. பல்கலைக்கழக அனுமதிக்கு அது உதவாது. பின்னால் வரும் நேர்முகத் தேர்வுகளில் இணைப்பாடவிதானச் சான்றிதழ்களைக் கேட்பார்கள் என்பது உண்மை, ஆனால் அதற்காக மட்டும் செய்கிற வேலை அல்ல இது. கிழமைக்கு எத்தனை நிமிஷம் என்று கணக்கைச் சொல்லுங்கள், தவணைப் புள்ளி இறங்கினால் விலகுவேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். புவியியல் எடுத்திருக்கிறீர்கள் என்றால் காலநிலைப் பாடம் உங்கள் கொப்பியிலேயே கிடக்கும்.

வெளி அமைப்புகளோடு இணைவது பிறகு பார்க்கலாம். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் 'சுற்றாடல் முன்னோடி' நிகழ்ச்சித்திட்டம் பாடசாலைகளில் படிப்படியாகப் பதக்கம் தருகிறது. ஒரு வருஷக் கொப்பி கையில் இருந்தால் அதில் சேர்வது சுகம்.

கனடா அண்ணாவின் காசு. மாணவர் கைக்கோ ஒரு ரீச்சரின் வங்கிக் கணக்குக்கோ வரவேண்டாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாக, பற்றுச்சீட்டோடு வரட்டும். சந்தா என்று பிள்ளைகளிடமும் சேர்க்காதீர்கள். அதிபர் சிக்கலில் மாட்டுவார், 100 ரூபாய் கொண்டுவர முடியாத பிள்ளை சொல்லாமல் விலகும். திறப்பு விழா வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். ரீசேட் இருந்தால் ரீசேட் கிடைக்காதவர்களும் இருப்பார்கள். அவருக்கு இப்படி எழுதலாம்: "அண்ணா, ஒரு தவணை செய்துவிட்டு, செய்ததைப் படத்தோடு அனுப்புகிறோம். பிடித்திருந்தால் ஒரு நல்ல பைனோகுலரும், தமிழில் பெயருள்ள பறவைப் புத்தகம் ஒன்றும், வளவுக்குள் தண்ணீர் விட ஒரு நீளக் குழாயும் வாங்க உதவுங்கள்." வந்து சேரும் பைனோகுலரை அன்றைக்கே பாடசாலைப் பொருட்பதிவேட்டில் பதிந்து, இலக்கம் போடுவியுங்கள். பதியாத சாமான் ஒரு மாற்றலோடு காணாமல் போகும்.