பழைய பிக்கப்பைப் புதுப்பிக்க எதை வாங்குவது, எதை வீட்டிலேயே செய்துகொள்வது?

பழைய பிக்கப் வண்டியை வீட்டு ஷெட்டிலேயே பிரித்துப் புதுப்பிப்பது பற்றி வாசகர்கள் சிலர் கேட்ட கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறேன்.

கேள்வி: இரண்டு பழைய பிக்கப்கள் விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று பெயின்ட் பளபளப்பாக இருக்கிறது, எஞ்சினும் ஓடுகிறது. ஆனால் முன் கிரில், ஒரு கதவின் கண்ணாடி, கைப்பிடிகள் இல்லை. இன்னொன்று துருப்பிடித்து நிற்கிறது, எஞ்சின் இறுகிவிட்டது, ஆனால் எல்லாப் பாகங்களும் இருக்கின்றன. எதை வாங்கலாம்?

நான் இரண்டாவதைத்தான் வாங்குவேன். எஞ்சினுக்கு உள்ளே போகும் பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட் எல்லாம் பெரும்பாலும் இன்றும் கிடைக்கும். கிரில், வளைந்த கண்ணாடி, டேஷ்போர்டு குமிழ் மாதிரியானவற்றைத் தேடி வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். கிடைத்தாலும் விற்பவர் சொன்னதுதான் விலை.

ஆனால் அந்த இரண்டாவது வண்டியையும் பார்க்காமல் வாங்காதீர்கள். போகும்போது மெல்லிய காந்தத் துண்டு ஒன்று, பழைய ஸ்க்ரூ டிரைவர், கெட்டியான நூல், தூக்குக்குண்டு, சாக்பீஸ் எடுத்துப் போங்கள். காந்தத்தை ஒரு துணியில் சுற்றி, கதவின் அடிப்பகுதி, கேபினின் பின் மூலைகள், சக்கர வளைவுகள் மேல் நகர்த்துங்கள். தகடு இருக்கும் இடத்தில் பிடிக்கும். பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் வழுக்கி விழும். பளபளக்கும் முதல் வண்டியில் இந்தச் சோதனையை விற்பவர் முன்னாலேயே செய்து பாருங்கள், பேரம் பேச உதவும்.

அடுத்தது சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம். கீழே படுத்து, ஸ்பிரிங் பட்டைகள் தொங்கும் கொண்டிகளின் ஓரம், குறுக்குச் சட்டங்கள் சேரும் இடம், கேபின் உட்காரும் பிராக்கெட் ஆகியவற்றை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்துங்கள். மேலாகச் செதில் உதிர்ந்தால் பரவாயில்லை. முனை உள்ளே இறங்கினால் அது வெல்டிங் வேலை, அதுவும் தேர்ந்த கையால் நடக்க வேண்டிய வேலை.

சேஸிஸ் கோணியிருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். இடமும் வலமும் ஒன்றுக்கொன்று நேரான இரண்டு துளைகளை முன்பக்கம் தேர்ந்தெடுங்கள், அதேபோல் பின்பக்கம் இரண்டு. நான்கிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். மூலைவிட்டங்கள் இரண்டையும் நூலால் அளந்து பாருங்கள். சில மில்லிமீட்டர் வித்தியாசம் பழைய வண்டிக்குச் சகஜம். விரற்கடை அளவு வித்தியாசம் வந்தால் எப்போதோ பலமாக மோதிய வண்டி அது. பெயின்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டும் பதிவு ஆவணத்தோடு ஒத்துப்போகிறதா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். பணம் கைமாறிய பிறகு அந்தச் சிக்கல் முழுக்க உங்களுடையதாகிவிடும்.

கேள்வி: கருவி வாங்க என்னிடம் பணம் குறைவு. வீட்டில் இருப்பதை வைத்தே எவ்வளவு தூரம் போகலாம்? டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் சமாளிக்க முடியுமா?

நிறைய தூரம் போகலாம். ஒரு கருவியை நாமே செய்வதா, வாங்குவதா என்று முடிவெடுக்க நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்வேன்: இது நடுவில் கைவிட்டால் கெடுவது பாகமா, ஆளா? பாகம் என்றால் தைரியமாகச் செய்து பார்க்கலாம். ஆள் என்றால் கடையில், தரமானதாக, வாங்க வேண்டும்.

அதனால் முதல் செலவு ஜாக் ஸ்டாண்ட், தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால். வண்டியின் எடையைவிட நன்றாகவே அதிகம் தாங்கும் திறன் பொறிக்கப்பட்ட நான்கு ஸ்டாண்டுகள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சுவரில் எடையைப் பரப்பித் தாங்குபவை. ஆக்சில் மாதிரி ஒரே புள்ளியில் அழுத்தம் விழுந்தால், முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். ஹைட்ராலிக் ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. அதன் சீல் மெல்லக் கசிந்தால் வண்டி இறங்கிவிடும். என்னுடைய ஜாக்கி ஓர் இரவில் சத்தமே இல்லாமல் முழுதாக இறங்கியிருந்ததைக் காலையில் பார்த்தேன். கீழே ஸ்டாண்ட் இருந்ததால் வண்டி அசையவில்லை. ஸ்டாண்ட் வாங்கும்வரை வேறு வழியில்லை என்றால், கெட்டியான சதுர மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அகலமாக அடுக்குங்கள். மீட்புப் படையினரும் இப்படித்தான் அடுக்குகிறார்கள். கழற்றிய சக்கரத்தையும் சேஸிஸுக்கு அடியில் தள்ளி வையுங்கள்.

எஞ்சினை இறக்கும் கிரேனை வாடகைக்கு எடுங்கள். வார்ப்பிரும்பு வி-8 எஞ்சின்கள் பல 250 கிலோவைத் தாண்டும். ஷெட்டின் கூரை விட்டத்தில் செயின் பிளாக் (சங்கிலியை இழுத்து எடை தூக்கும் கருவி) மாட்டுவதைப் பலர் செய்கிறார்கள். கூரை ஓடு, தகடு ஆகியவற்றின் எடையைப் பரவலாகத் தாங்கப் போட்ட விட்டம் அது. நடுவில் ஒரே இடத்தில் எஞ்சினைத் தொங்கவிடப் போட்டதல்ல. ஆண்டில் ஒரு நாள் தேவைப்படும் கருவிக்கு ஒரு நாள் வாடகைதான் சரி.

மற்றதில் உங்கள் கைவண்ணம் காட்டலாம். புஷ் (துளைக்குள் இறுகி உட்காரும் குழல் வளையம்) கழற்ற, நீளத் திரெட் போட்ட கம்பி, சில கனமான வாஷர், ஒரு பக்கம் பெரிய சாக்கெட், மறுபக்கம் சிறிய சாக்கெட் போதும். நட்டை இறுக்க இறுக்க, சிறியது புஷ்ஷைத் தள்ளிப் பெரியதற்குள் கொண்டுபோய்விடும். பழைய பேரிங்கின் வெளிவளையத்தை விளிம்பில் கொஞ்சம் தேய்த்து வைத்துக்கொண்டால், புதிய பேரிங்கின் வளையத்தைச் சீராகத் தட்டி இறக்கலாம். தகட்டை வளைக்க இரண்டு ஆங்கிள் இரும்புக்கு நடுவே வைத்து ஜி கிளாம்பால் இறுக்கி, மரச் சுத்தியால் ஓரத்திலிருந்து சிறிது சிறிதாகத் தட்டுங்கள். நெளிவெடுக்க அடியில் மணல் மூட்டை. வளைந்த மட்கார்டைத் தேய்க்க, பிவிசி குழாய்த் துண்டில் உப்புத்தாளைச் சுற்றினால் விரலால் தேய்க்கும்போது விழும் பள்ளம் விழாது.

டார்க் ரெஞ்ச் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கொக்கித் தராசு ஒன்று போதும். 80 நியூட்டன்-மீட்டர் இறுக்கம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நட்டின் மையத்திலிருந்து சரியாக அரை மீட்டர் தள்ளிக் கைப்பிடியில் தராசைக் கொக்கிபோட்டு, ஸ்பேனருக்குச் செங்கோணத்தில் இழுங்கள். தராசு 16.3 கிலோ காட்டும்போது நீங்கள் கொடுப்பது 80 நியூட்டன்-மீட்டர். கணக்கு இதுதான்: கிலோவை 9.81-ஆல் பெருக்கி, மீட்டரில் உள்ள தூரத்தாலும் பெருக்க வேண்டும். ஸ்பேனர் படுக்கைவாட்டில் சுழலும்படி இருந்தால் அதன் சொந்த எடை கணக்கைக் கெடுக்காது. பாடி போல்ட், பிராக்கெட் போல்ட் எல்லாவற்றுக்கும் இது போதும். சிலிண்டர் ஹெட், கனெக்டிங் ராடு போல்ட்டுகளுக்கு மட்டும் நல்ல டார்க் ரெஞ்சை இரவல் வாங்குங்கள். பழைய டார்க் ரெஞ்ச் விலைக்கு வந்தால் அது சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கவும் இதே தராசுதான்.

கேள்வி: துரு நீக்கும் திரவம் கேன் கேனாகத் தேவைப்படும் போலிருக்கிறது. மாற்று வழி உண்டா?

சிறிய, நடுத்தரப் பாகங்களுக்கு மின்பகுப்புதான் சிறந்தது, செலவும் மிகக் குறைவு. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், நான்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. துருப்பிடித்த பாகத்தைப் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் கிளிப்பில் மாட்டித் தொங்கவிடுங்கள். சுற்றிலும் சாதாரண இரும்புக் கம்பித் துண்டுகளை நிறுத்தி, அவற்றை ஒன்றாக இணைத்துப் பாஸிட்டிவில் கொடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. கம்பிக்கு நேரே தெரியும் பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும், அதனால் சுற்றிலும் கம்பி. இரவு முழுக்க விட்டால் துரு கருஞ்சேறாகி, கம்பி பிரஷ்ஷில் வழிந்துவிடும். நல்ல இரும்பு தேயாது. அமிலத்தைவிட இதை நான் விரும்புவதற்குக் காரணம் அதுதான்.

கம்பிகளுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பூனோ தட்டோ போடவே கூடாது. அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் வடிவத்தில் தண்ணீரில் கரையும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பும் கூடாது, குளோரின் வரும். எப்படிச் செய்தாலும் ஹைட்ரஜன் வாயு எழும், ஆகவே திறந்த வெளியில், தீப்பொறி இல்லாத இடத்தில் வையுங்கள். கிளிப்பைத் தொடும் முன் சார்ஜரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அலுமினியப் பாகத்தைக் காரத் தண்ணீரே அரித்துவிடும். ஸ்பிரிங், கடினப்படுத்திய போல்ட் ஆகியவை ஹைட்ரஜனை உறிஞ்சி முறியும் தன்மைக்கு வந்துவிடலாம். இவை இரண்டையும் தொட்டியில் போடாதீர்கள்.

சார்ஜர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தானாகவே பேட்டரியை உணர்ந்து இயங்கும் புதிய சார்ஜர்கள் பல, எதிரே பேட்டரி இல்லை என்றால் ஓடாது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகைதான் இதற்கு வேண்டும். பழைய சாமான் கடையில் கிடந்தால் விடாதீர்கள்.

வெளியே எடுத்த பாகம் கண்ணெதிரே மறுபடியும் செம்மை பூக்கும். கழுவி, உடனே சூடுகாட்டி உலர்த்தி, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள்.

கேள்வி: பெட்ரோல் டேங்கில் சிறு ஓட்டை. காலியாகத்தான் இருக்கிறது. நானே வெல்டிங் வைக்கலாமா?

கூடாது. காலி டேங்க்தான் அதிக ஆபத்து, உள்ளே இருப்பது முழுக்க ஆவியும் காற்றும். வருடக்கணக்கில் காய்ந்த டேங்கும் சூடுபட்டால் ஆவி விடும். டேங்க், ரேடியேட்டர் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள் அல்லது புது டேங்க் வாங்குங்கள். இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். டப்பாவைத் திருப்பி உட்பொருளைப் படித்து, குளோரின் இல்லாததை வாங்குங்கள்.

கேள்வி: என்னுடையது 1954-ஆம் வருட ஃபோர்டு எஃப்-100. புது பேட்டரி போட்டும் ஸ்டார்ட்டர் முனகுகிறது. கடைக்காரர் எல்லாவற்றையும் 12 வோல்ட்டுக்கு மாற்றச் சொல்கிறார்.

அவசரப்பட வேண்டாம். ஃபோர்டு பிக்கப்கள் 12 வோல்ட்டுக்கு மாறியது 1956 மாடலில்தான். உங்கள் வண்டி 6 வோல்ட். அதோடு பாடியில் இணைவது பாஸிட்டிவ் முனை. புது பேட்டரியை வழக்கம்போல நெகட்டிவைப் பாடியில் கொடுத்து மாட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

அது சரியாக இருந்தால், கேபிளைப் பாருங்கள். ஒரே திறனை 6 வோல்ட்டில் பெற இரண்டு மடங்கு கரன்ட் ஓட வேண்டும், அதற்கு மிகத் தடித்த கேபிள் தேவை. இன்று கடையில் தயாராகக் கிடைப்பவை பெரும்பாலும் 12 வோல்ட் வண்டிக்கானவை, மெல்லியவை. அதைப் போட்டால் ஸ்டார்ட்டருக்குப் போக வேண்டிய சக்தி கேபிளிலேயே சூடாகிப் போகும். வெல்டிங் கேபிள் தடித்ததாக வாங்கி, இரு முனையிலும் செம்பு லக் (போல்ட்டில் மாட்டும் துளையுள்ள முனை) போட்டு இறுக்கிக்கொள்ளுங்கள். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையைக் கழற்றி, பெயின்டைச் சுரண்டிப் பளிச்சென்ற இரும்பில் மாட்டுங்கள். இந்தச் செலவு முழு மாற்றத்தின் செலவில் மிகச் சிறு பங்கு. இதற்குப் பிறகும் முனகினால் ஸ்டார்ட்டரைப் பிரித்துப் பார்க்கலாம். 12 வோல்ட் என்று போனால் பல்புகள், ஹீட்டர் மோட்டார், மீட்டர்கள், இக்னிஷன் காயில் என்று ஒவ்வொன்றாகக் கவனிக்க வேண்டிவரும்.

கேள்வி: பெயின்ட்டையும் வீட்டிலேயே அடிக்க ஆசை. எந்தக் கம்ப்ரசர் வாங்கலாம்?

குதிரைத்திறனையோ தொட்டியின் அளவையோ பார்த்து ஏமாறாதீர்கள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று வெளியே தருகிறது என்பதே கணக்கு. முழு வண்டிக்கு அடிக்கும் ஸ்ப்ரே கன்கள் பலவற்றுக்குச் சுமார் 300 லிட்டர் தேவை. சிறிய வீட்டுக் கம்ப்ரசர் அதில் பாதிகூடத் தராது, அடிக்கும்போதே காற்று தளர்ந்து பெயின்ட் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளிபுள்ளியாக விழும்.

அதைவிடப் பெரிய விஷயம் மூச்சு. ஹார்டனர் (பெயின்ட்டை இறுகவைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் பெரும்பாலான இரண்டு-பாக பெயின்ட்களில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. வாசனையே தெரியாமல் ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது, ஒருமுறை ஒவ்வாமை வந்தால் போகாது. வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடி இல்லாமல் வீட்டில் அதைத் தொடாதீர்கள். தகட்டு வேலை, பட்டி, தேய்ப்பு வரை நீங்கள் செய்து, கடைசிப் பூச்சைப் பெயின்ட் பூத் உள்ளவரிடம் விடுங்கள். உழைப்பில் பெரும்பகுதி தேய்ப்பில்தான் இருக்கிறது. செலவும் அதில்தான் மிச்சமாகும். ஒற்றை நிற எனாமல் போதும் என்றால் நுரை ரோலரால் மெல்லிய பூச்சாகப் பல முறை அடித்து, நடுவில் தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம். பொறுமை இருந்தால் நன்றாகவே வரும்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உலர்வாகத் தேய்க்காதீர்கள். பிரேக் டிரம்மைத் திறந்தால் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள்.

கேள்வி: கேபின் தரைத்தகடு புதிதாக வாங்கினேன், பொருந்தவில்லை. பிரைமர் அடித்துவிட்டதால் கடை திரும்ப எடுக்க மறுக்கிறது.

பெரும்பாலான கடைகள் அப்படித்தான் சொல்லும். பெயின்ட் பட்ட, துளை போட்ட பாகத்தை மறுபடி விற்க முடியாது என்பது அவர்கள் வாதம். மறுதயாரிப்புத் தகடுகள் அசலோடு நூல் பிசகாமல் பொருந்துவது அரிது. இனி வாங்கும் எதையும் அட்டைப்பெட்டியோடு வைத்து, முதலில் கிளாம்ப் போட்டுப் பொருத்திப் பாருங்கள். பொருந்தாத இடத்தை அளவுகோல் தெரியும்படி போட்டோ எடுங்கள். எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

ஆனால் உங்கள் தகட்டை ஒதுக்குமுன் ஒன்றைச் சரிபாருங்கள். பழைய தரையை வெட்டும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் வைத்தீர்களா? வைக்கவில்லை என்றால் கேபினே இறங்கியிருக்கலாம். கதவை மூடி இடைவெளியைப் பாருங்கள். மேலே ஒரு மாதிரியும் கீழே ஒரு மாதிரியும் இருந்தால் குறை தகட்டில் இல்லாமல் இருக்கலாம். ஜாக்கியை மரக்கட்டையோடு வாசலுக்குள் வைத்து மெல்லத் தூக்கி, இடைவெளி சீரானதும் குழாயை வைத்து நிறுத்துங்கள். பிறகு அதே தகட்டை இன்னொருமுறை வைத்துப் பாருங்கள்.