இடுக்குப் பள்ளத்தில் படமெடுக்க

கேள்வி: அக்டோபரில் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போகிறேன். யூட்டா பாலைவனத்தின் பக்ஸ்கின் கல்ச் என்ற, உயர்ந்த பாறைச் சுவர்களுக்கு நடுவே குறுகலாக ஓடும் இடுக்குப் பள்ளத்தாக்கில் நடந்துபோய்ப் படமெடுக்க ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், பென்னாகரம்

பதில்: முதலில் வெள்ளம். ஒகேனக்கல் பக்கத்துக்காரருக்கு இது எளிதில் புரியும்: இங்கே ஒரு துளி மழை இல்லாமலே, கர்நாடக அணைகளைத் திறந்தால் காவிரி பொங்குகிறது அல்லவா? அங்கேயும் பல மைல் தள்ளிப் பெய்த மழை, வெயிலடிக்கும்போதே பாய்ந்து வரும். 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 11 பேர் அப்படித்தான் இறந்தார்கள். ஏறித் தப்ப வழி கிடைப்பது அரிது. மழை அறிவிப்பு இருந்தால் போகவே போகாதீர்கள். அனுமதிச் சீட்டு வீணானால் ஆகட்டும்.

நேர்வெயில் படும் பாறையை விடுங்கள். எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியில்தான் அந்தச் செம்மஞ்சள் இருக்கிறது. வானம் படத்துக்குள் வந்தால் வெளுத்துவிடும். கேமராவை முக்காலியில் (ட்ரைபாட்) நிறுத்துங்கள். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துவாரம் எஃப் 11, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் இருட்டைப் பொறுத்து 1 முதல் 8 நொடி. நிறச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) 'பகல்' என்று வையுங்கள். ஆட்டோ சிவப்பைக் குறைத்துவிடும். அகலக் கோண லென்ஸை வெளியிலேயே மாட்டிவிடுங்கள். உள்ளே கழற்றினால் நுண்மணல் சென்சாரில் ஒட்டும்.

தண்ணீர் ஆளுக்கு 4 லிட்டர். வழியில் குளிர்ந்த சேற்றுக்குட்டைகள் உண்டு, கேமராவுக்கு நீர்புகாப் பை அவசியம். உள்ளே சிக்னல் கிடைக்காது. திரும்பும் நேரத்தை மகளிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.