ராணுவ விமானிகளின் சிமுலேட்டர் பயிற்சி: டெண்டரில் அரசு எதைப் பார்க்கிறது?

கேள்வி: ராணுவ விமானிகளுக்கு சிமுலேட்டரில் பயிற்சி தரும் வேலையைத் தனியாருக்கு விடும்போது அரசு எதை வைத்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கிறது? கடைசியில் யார் விலை குறைவோ அவருக்குத்தானே? நாங்கள் கங்கைகொண்டான் சிப்காட்டில் சின்ன எலக்ட்ரானிக்ஸ் யூனிட் நடத்துகிறோம். எங்களைப் போன்றவர்களுக்கு இதில் இடம் உண்டா?

பதில்:

விலை முக்கியம்தான். ஆனால் விலைக் கவரைப் பிரிப்பதற்கு வெகு முன்பே பாதி முடிவு ஆகிவிடுகிறது. நான் விமானப்படையில் ஏவியானிக்ஸ் (விமான மின்னணுக் கருவிகள்) பிரிவில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவன். இப்போது பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே சிமுலேட்டர் நிறுவனங்களுக்கு டெண்டர் ஆவணங்கள் தயாரித்துக் கொடுக்கிறேன். அந்த வேலையில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சிமுலேட்டர் டெண்டர் என்றதும் எல்லோருக்கும் ஆறு கால்களில் நின்று ஆடும் அந்தப் பெரிய பெட்டிதான் ஞாபகத்துக்கு வரும். படைக்கு வேண்டியது பெட்டி இல்லை. நாளைக் காலை ஆறு மணிக்கு ஒரு விமானி வந்து உட்காரும்போது அது ஓட வேண்டும், பக்கத்தில் நல்ல பயிற்றுநர் இருக்க வேண்டும், அவர் ஓட்டப்போகும் விமானம் இன்று எப்படி இருக்கிறதோ அப்படியே உள்ளேயும் இருக்க வேண்டும். இது பத்துப் பதினைந்து வருடம் தொடர்ந்து நடக்க வேண்டும். இதைத்தான் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குகிறார்கள். அதனால் மதிப்பீடும் இதைச் சுற்றித்தான் நடக்கிறது, அல்லது நடக்க வேண்டும்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் பெரிய கொள்முதல்கள் 2020 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கும் பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறைப்படி (டிஏபி 2020) நடக்கின்றன. பராமரிப்பு, சேவை போன்ற வருவாய்ச் செலவினங்களுக்குத் தனிக் கையேடு உண்டு. அதன் புதிய பதிப்பு 2025 நவம்பர் 1 முதல் வந்திருக்கிறது. முறை என்னவோ நம் மாநகராட்சி டெண்டர் மாதிரி இரண்டு கவர்தான். முதலில் தொழில்நுட்பக் கவர். அதைத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு, கேட்ட ஒவ்வொரு அம்சத்தையும் வரிசையாக வைத்து, உண்டு, இல்லை என்று பார்க்கும். தேவைப்பட்டால் நேரில் ஓட்டிப் பார்க்கும் சோதனை. இதில் தேறியவர்களின் விலைக் கவரை மட்டும் பிரித்து, குறைந்த விலைக்காரரான எல்-1 யார் என்று பார்த்து, அவரோடு பேச்சுவார்த்தைக் குழு பேசும். தேறாதவரின் விலைக் கவர் பிரிக்கப்படாமலே திரும்பிப் போகும்.

அமெரிக்காவில் இரண்டு வழி. ஒன்று நம் எல்-1 போன்றது. இன்னொன்றில் தரத்தையும் விலையையும் சேர்த்து எடைபோட்டு, கூடுதல் தரத்துக்குக் கூடுதல் பணம் தரலாம் என்று முடிவெடுக்க அதிகாரிக்கு உரிமை உண்டு. அதற்கு ஏன் என்று காரணம் எழுதி வைக்க வேண்டும். அங்கே பாதுகாப்புத் துறையில் ஒவ்வொரு முன்மொழிவுக்கும் வண்ணத்தில் மதிப்பெண் தருவார்கள்: நீலம் மிகச் சிறப்பு, ஊதா நன்று, பச்சை போதும், மஞ்சள் சுமார், சிவப்பு தகுதியில்லை. முதல் கட்டத்தில் ஒரு நிறுவனத்தை இன்னொன்றோடு ஒப்பிடுவதில்லை. டெண்டரில் அரசே எழுதிய அளவுகோலோடு மட்டும் ஒப்பிடுவார்கள். எழுதாத ஒன்றுக்கு மதிப்பெண் கொடுத்தாலும் குறைத்தாலும் தோற்றவர் தணிக்கை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். அவர்கள் 100 நாளுக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இந்த விதிதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மதிப்பீட்டுக் குழுவில் எவ்வளவு கெட்டிக்காரர்கள் இருந்தாலும், டெண்டரில் கேட்காததை அவர்கள் பார்க்க முடியாது. எழுதியவர் எங்கே அசந்தாரோ அங்கேதான் பின்னால் பயிற்சி அடிபடும்.

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். "சிமுலேட்டர் 95 சதவீத நேரம் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும்" என்று ஒரு டெண்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மாதம் 400 மணி நேரம் பயிற்சி என்றால் 20 மணி நேரம் வரை நின்றுபோனாலும் ஒப்பந்தக்காரர் மேல் தவறில்லை. அந்த 20 மணி நேரமும் ஒரே வாரத்தில், வெளியூரிலிருந்து வந்த ஒரு அணிக்கு ஒதுக்கிய நேரத்தில் விழுந்தால்? அணி பயிற்சி இல்லாமல் திரும்பிப் போகும், கணக்கில் 95 சதவீதம் சரியாக இருக்கும்.

அதைவிடச் சிக்கல், எதை நின்றுபோனதாகக் கணக்கிடுவது என்பது. இரண்டு மணி நேர அமர்வு. நாற்பதாவது நிமிடத்தில் வலது பக்கப் புரொஜெக்டர் அணைகிறது. இருபது நிமிடத்தில் டெக்னீஷியன் சரிசெய்துவிடுகிறார். இழப்பு எவ்வளவு? ஒப்பந்தக்காரர் இருபது நிமிடம் என்பார். இன்னொருவர், "இயந்திரம் ஓடிக்கொண்டுதானே இருந்தது, ஒரு பக்கம் மட்டும்தானே தெரியவில்லை" என்று பூஜ்யம் போடுவார். அன்றைக்குப் பாடமே வலது பக்கம் பறக்கும் துணை விமானத்தைப் பார்த்து அணிவகுப்பில் சேர்வது என்றால், விமானியைப் பொறுத்தவரை இரண்டு மணி நேரமும் போச்சு. ஒரே கோளாறு, மூன்று கணக்கு. டெண்டரில் இதற்கு விளக்கம் இல்லாவிட்டால், மூன்று நிறுவனங்களும் மூன்று விதமாகப் புரிந்துகொண்டு விலை போடும். எவர் மிகத் தளர்வாகப் புரிந்துகொண்டாரோ அவர் விலைதான் குறைவாக இருக்கும். எல்-1 அவர்தான்.

நான் உதவிய ஒரு டெண்டரில் விலை போடுவதற்கு முன் போட்டியாளர்களை அழைத்து நடத்தும் கூட்டத்தில் இந்தக் கேள்வியைத்தான் முதலில் எழுப்பச் சொன்னேன். இப்படிக் கேட்கும் கேள்விக்கான பதில் எழுத்தில் எல்லாப் போட்டியாளர்களுக்கும் போகும். அதனால் எங்களுக்கென்று தனி லாபம் ஒன்றுமில்லை, ஆனால் எல்லோரும் ஒரே வேலைக்கு விலை போட்டார்கள். டெண்டரில் அந்த விளக்கம் திருத்தமாக வந்த அன்று எனக்கு உண்மையிலேயே மனநிறைவாக இருந்தது.

அடுத்தது, விமானத்தோடு சிமுலேட்டர் கூடவே மாறிக்கொண்டு வருகிறதா என்பது. விமானத்தில் மென்பொருள் புதுப்பிக்கப்படும், ஒரு சுவிட்ச் இடம் மாறும், புதிய ரேடியோ வரும். சிமுலேட்டரில் அது ஒரு வருடம் கழித்து வந்தால், அந்த ஒரு வருடமும் விமானி தவறான இடத்தில் கை வைத்துப் பழகுகிறார். எஞ்சினில் தீ என்று விளக்கு எரியும்போது யோசிக்க நேரம் இருக்காது, பழகிய இடத்துக்குத்தான் கை போகும். நம் பக்கத்தில் கூடங்குளம் அணுமின் நிலையத்திலும் கட்டுப்பாட்டு அறையை அப்படியே நகலெடுத்த சிமுலேட்டரில்தான் ஆபரேட்டர்களைப் பழக்குகிறார்கள். அங்கேயும் இதே கட்டாயம்தான். எனவே நல்ல டெண்டர், "மாற்றம் வந்தால் எத்தனை நாளில் கொண்டுவருவீர்கள், விமானத் தயாரிப்பாளரிடமிருந்து தரவு வாங்கும் உரிமை உங்கள் கையில் இருக்கிறதா, அதற்கான உடன்படிக்கையைக் காட்டுங்கள்" என்று கேட்கும். இந்தத் தரவு உரிமையில்தான் பல முன்மொழிவுகள் தடுக்கி விழுகின்றன. அழகான படங்களோடு நூறு பக்கம் எழுதியிருப்பார்கள். தரவு யாரிடமிருந்து வரும் என்பதற்கு ஒரு கடிதம் இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆடும் மேடை இருந்தால்தான் உயர்ந்த சிமுலேட்டர் என்று நினைக்கக் கூடாது. பயணிகள், சரக்கு விமானங்களுக்கு அது தேவை; சிவில் துறையில் 'லெவல் டி' என்ற உயர்ந்த தகுதிக்கு ஆறு திசை அசைவு கட்டாயம். பெங்களூருவில் அரசு விமான நிறுவனமான எச்ஏஎல்லும் கனடாவின் சிமுலேட்டர் நிறுவனமான சிஏஇயும் சேர்ந்து நடத்தும் ஹாட்சாஃப் மையத்தில் ஹெலிகாப்டர் விமானிகளுக்கு அந்தத் தரத்தில் பயிற்சி தருகிறார்கள். ஆனால் போர் விமானச் சிமுலேட்டர்கள் பலவற்றில் மேடை அசையவே அசையாது. போர் விமானம் வேகமாகத் திரும்பும்போது உடம்பில் விழும் அழுத்தத்தை எந்த மேடையாலும் தொடர்ந்து தர முடியாது, அதனால் பணத்தைச் சுற்றிலும் தெரியும் காட்சிக்குச் செலவிடுகிறார்கள். எந்தப் பாடத்துக்கு எது தேவை என்று முன்மொழிவு கொடுத்தவர் புரிந்து எழுதியிருக்கிறாரா என்பதை மதிப்பீட்டாளர் இங்கே கண்டுபிடித்துவிடுவார்.

அப்புறம் ஆட்கள். கல்லிடைக்குறிச்சியில் ஓய்வுபெற்ற விமானி ஒருவர் இருக்கிறார், இப்படிப்பட்ட மதிப்பீட்டுக் குழுவில் உட்கார்ந்தவர். "சார், முன்மொழிவுல முதல்ல எந்தப் பக்கத்தைத் திருப்புவீங்க?" என்று கேட்டேன். "மெஷினை நான் ரெண்டு மணி நேரத்துல பாத்திருவேன் தம்பி. அதை யாரு நடத்தப் போறாங்கன்னு பாக்கத்தான் ரெண்டு நாளு ஆவும்" என்றார். பயிற்றுநர்களின் பறந்த அனுபவம், அவர்கள் உண்மையிலேயே வர ஒப்புக்கொண்டிருக்கிறார்களா, விலகினால் மாற்று ஆள் யார், எல்லாம் பார்ப்பாராம். அமெரிக்க விதிகளில் தொழில்முறைப் பணியாளர்களுக்கு என்ன சம்பளம் தரப்போகிறீர்கள் என்ற திட்டத்தையே தனியாக வாங்கிப் பரிசீலிக்க இடமிருக்கிறது. விலை மிகவும் குறைவாக இருந்தால் அதைச் சந்தேகத்தோடு பார்க்கவும் வழி உண்டு: இந்தச் சம்பளத்துக்கு அனுபவமுள்ள ஆள் ஆறு மாதம் நிற்பானா? நம் டெண்டர்களிலும் இந்தக் கேள்வி வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பழைய வேலை எப்படி என்பதும் கணக்கில் வரும். நம் ஊர்க் கல்யாணத்தில் மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டுக்குச் சமையல்காரரை ஏற்பாடு செய்யும்போது இலைக்கு எவ்வளவு என்று மட்டுமா கேட்கிறோம்? போன தடவை யார் வீட்டில் சமைத்தார், முந்நூறு பேர் என்று சொல்லி நானூறு பேர் வந்தபோது சமாளித்தாரா என்று அந்த வீட்டுக்காரரிடமே விசாரித்துவிடுவோம். அமெரிக்காவில் இந்த விசாரிப்பையே ஒரு தரவுத்தளமாக வைத்திருக்கிறார்கள். முந்தைய அனுபவமே இல்லாத நிறுவனம் என்றால் அதற்காக மதிப்பெண் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நம்மிடம் முன் அனுபவம் பெரும்பாலும் தகுதி நிபந்தனையாகத்தான் வருகிறது. இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பது அதில் தெரியாது.

எல்-1 மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்று வழிகள் வந்திருக்கின்றன. தரத்துக்கும் விலைக்கும் தனித்தனி மதிப்பெண் போட்டுக் கூட்டும் க்யூசிபிஎஸ் முறையை, ஆலோசனைப் பணிகளைத் தாண்டி மற்ற சேவைகளுக்கும் பயன்படுத்த நிதியமைச்சகம் 2021 அக்டோபரில் வழிவிட்டது. ஆனால் அங்கே தரத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் போக முடியாது. டிஏபி 2020 குத்தகை என்ற வழியையும் திறந்தது. நேரடிப் போரில் பயன்படாத போக்குவரத்து விமானங்கள், பயிற்சி விமானங்கள், சிமுலேட்டர்கள் போன்றவற்றுக்கு அது உதவும் என்று அரசே சொன்னது. 2021 செப்டம்பரில் முப்படைகளும் கடலோரக் காவல் படையும் சிமுலேட்டர்களைக் கூடுதலாகப் பயன்படுத்துவதற்கான வழிகாட்டுதலும் வந்தது. எனவே வேலை பெருகத்தான் போகிறது.

நீண்டகால ஒப்பந்தம் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்ப வேண்டாம். பிரிட்டன் 2008-ல் முப்படை விமானப் பயிற்சியையும் 25 வருடத்துக்கு அசென்ட் என்ற கூட்டு நிறுவனத்திடம் கொடுத்தது. 2019-ல் அந்நாட்டு தேசியத் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்தபோது விமானிகள் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே நெடுநாள் காத்துக் கிடப்பது வெளியே வந்தது. தனித்தனியாக ஒவ்வொரு பாடத்துக்கும் அளவுகோல் வைப்பதோடு, ஒரு விமானி உள்ளே வந்து தேறி வெளியே போக ஆகும் மொத்தக் காலத்தையும் அளக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இனி உங்கள் யூனிட் பற்றி. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்கள் சென்னை, ஓசூர், கோயம்புத்தூர், சேலம், திருச்சி. நம் பகுதி அதில் இல்லை. விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன், மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகம் எல்லாம் இருந்தும் திருநெல்வேலியைச் சேர்க்காதது எனக்கு வருத்தம்தான். ஆனால் அதனால் வாய்ப்பு இல்லை என்று ஆகாது. முழுப் பயிற்சி ஒப்பந்தத்துக்கு நேரடியாகப் போட்டியிடுவது உங்கள் அளவுக்கு நடக்காது. முதன்மை ஒப்பந்தக்காரருக்குத் துணையாக நுழைய முடியும். காக்பிட் சுவிட்ச் பேனல்கள், பயிற்றுநர் மேசைக்கான வன்பொருள், வயரிங் ஹார்னஸ், இதெல்லாம் சிறு யூனிட்டுகள் செய்யக்கூடியவை. அதைவிட நல்ல இடம் பழைய உதிரி பாகங்கள். சிமுலேட்டர் பதினைந்து வருடம் ஓட வேண்டும், உள்ளே இருக்கும் கார்டும் டிஸ்பிளேயும் ஐந்தாறு வருடத்தில் சந்தையிலிருந்து போய்விடும். பாகம் கிடைக்காமல் போனால் என்ன செய்வீர்கள் என்று டெண்டரிலேயே கேட்பார்கள். அதற்கு மாற்றுப் பாகம் வடிவமைத்துத் தரும் உள்நாட்டு யூனிட்டின் ஒப்புதல் கடிதம் இருந்தால் முதன்மை நிறுவனத்துக்கு அது பலம்.

உத்யம் என்ற சிறு தொழில் பதிவு இருந்தால், நீங்களே நேரடியாகக் கலந்துகொள்ளும் சிறிய டெண்டர்களில் முன்வைப்புத் தொகை (டெண்டரோடு கட்டும் பிணைத்தொகை) கட்ட வேண்டியதில்லை. அங்கீகரிக்கப்பட்ட ஸ்டார்ட்அப் என்றால், தரத்தில் குறை இல்லாத பட்சத்தில் முன் அனுபவ நிபந்தனையைத் தளர்த்தவும் விதி இருக்கிறது. விமானத் துறைக்கான ஏஎஸ் 9100 தரச் சான்றை இப்போதே தொடங்கிவிடுங்கள், அது உடனே கிடைக்கிற காரியம் இல்லை. டெண்டர் வெளியான பிறகு முதன்மை நிறுவனத்தைத் தேடிப் போனால் தாமதம்; முன்மொழிவில் எழுதப்போகும் துணை நிறுவனங்களின் பெயர்களை அவர்கள் அதற்கு முன்பே முடிவு செய்திருப்பார்கள். அரசு முதலில் தகவல் மட்டும் கேட்டு வெளியிடும் ஆர்எஃப்ஐ வரும்போதே பேச ஆரம்பியுங்கள்.