பொதுச் சுகாதாரச் செவிலியம்: பிரிட்டன் பட்டம் எதற்கு உதவும்?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து, திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். பிரிட்டனில் ஓராண்டு எம்.எஸ்சி. பப்ளிக் ஹெல்த் படித்தால் அங்கேயே பொதுச் சுகாதாரச் செவிலியராகலாம், திரும்பி வந்தால் நர்சிங் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகலாம் என்கிறார் ஒரு முகவர். கணவரையும் மகளையும் உடன் அழைத்துச் செல்ல முடியுமா? கல்விக்கடன் வாங்கத் துணியலாமா?

பதில்: முகவர் சொல்லும் இரண்டு வேலைகளுக்கும் அந்தப் பட்டம் வழிவிடாது. ஆகவே, இப்போதைக்குக் கடன் வாங்க வேண்டாம்.

பிரிட்டனில் பொதுச் சுகாதாரச் செவிலியர் என்போர், அங்கே செவிலியர்களைப் பதிவு செய்யும் அமைப்பான நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலில் ஏற்கெனவே செவிலியராகவோ மகப்பேறு செவிலியராகவோ பதிவு பெற்று, அதன்மேல் சமுதாயப் பொதுச் சுகாதாரச் செவிலியத்தில் தனிச் சிறப்புப் படிப்பை முடித்தவர்கள். இவர்களில் 'ஹெல்த் விசிட்டர்' எனப்படுபவரின் பணி, நம் கிராம சுகாதாரச் செவிலியர் பணியைப் பார்த்த உங்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. இங்கிலாந்தில் அவர் தலைமையிலான குழு, தாயின் கர்ப்பகாலம், குழந்தை பிறந்த முதல் சில வாரங்களுக்குள், 6 முதல் 8 வாரங்களில், ஒரு வயதையொட்டி, இரண்டு முதல் இரண்டரை வயதுக்குள் என ஐந்து கட்டங்களில் ஒவ்வொரு குடும்பத்தையும் சந்திக்க வேண்டும். இந்தச் சிறப்புப் படிப்பில் ஏறக்குறைய பாதி களப்பயிற்சி. பெரும்பாலோரை அந்நாட்டின் பொது மருத்துவ அமைப்பான தேசிய சுகாதார சேவையின் (என்.எச்.எஸ்.) அமைப்புகளே சம்பளத்துடன் அனுப்பிப் படிக்க வைக்கின்றன.

முகவர் காட்டும் எம்.எஸ்சி. பப்ளிக் ஹெல்த் இதுவன்று. நோய்ப்பரவலியல், புள்ளியியல், சுகாதாரக் கொள்கை ஆகியவற்றைக் கற்பிக்கும் நல்ல படிப்புதான். ஆனால் எந்தத் துறைப் பட்டதாரியும் பல பல்கலைக்கழகங்களில் அதில் சேரலாம் என்பதால், அதைக் கொண்டு செவிலியர் பதிவு கிடைக்காது. சேர்வதற்கு அந்தக் கவுன்சிலின் பதிவு வேண்டுமா என்று முகவரிடம் கேளுங்கள்; வேண்டாம் என்று அவர் சொன்னால், அது செவிலியர் சிறப்புப் படிப்பு அன்று.

அங்கே செவிலியராவதே நோக்கம் என்றால் வரிசையை மாற்றுங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். எனும் ஆங்கிலத் தேர்வில் வாசித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5 பெற்று, அந்தக் கவுன்சிலின் கணினிவழித் தேர்வையும், பிரிட்டனில் நடக்கும் செய்முறைத் தேர்வையும் முடித்துப் பதிவு பெற வேண்டும். சில ஆண்டுகள் வேலை பார்த்தபின், வேலை கொடுத்தவர் செலவிலேயே சிறப்புப் படிப்பில் சேர வாய்ப்புண்டு.

பேராசிரியர் பணிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் கேட்பது எம்.எஸ்சி. நர்சிங், பொதுச் சுகாதாரப் பட்டம் அதற்கு ஈடாகாது. 2022இல் இந்தியாவும் பிரிட்டனும் ஒருவர் பட்டத்தை மற்றவர் ஏற்கும் ஒப்பந்தம் செய்துகொண்டன என்பதை முகவர்கள் பெரிதாகக் காட்டுவார்கள். அதில் மருத்துவம், நர்சிங், மருந்தியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகள் விலக்கப்பட்டிருப்பதைச் சொல்லமாட்டார்கள். ஆசிரியப் பணிதான் உங்கள் விருப்பம் எனில், வேலூர் சி.எம்.சி. போன்ற நம் கல்லூரிகளில் சமுதாயச் சுகாதார நர்சிங்கில் இரண்டாண்டு எம்.எஸ்சி. படிப்பதே நேர்வழி, செலவும் குறைவு.

குடும்பத்தை அழைத்துச் செல்ல இயலாது. 2024 ஜனவரி முதல் தொடங்கும், ஆய்வு சாராத பாடவழி முதுநிலைப் படிப்புகளுக்குச் சொந்தச் செலவில் செல்பவர்கள் கணவரையோ குழந்தையையோ சார்ந்தோர் விசாவில் அழைக்க முடியாது. படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அந்த வருமானத்தில் கடன் தவணை கட்டலாம் என்ற கணக்கும் தேறாது.

பொதுச் சுகாதாரத் திட்டமிடலோ ஆய்வோ உங்களை ஈர்க்கிறதென்றால் அந்த எம்.எஸ்சி. பயன்படும், அப்போதும் முதலில் பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். பட்டத்துக்குப் பின் 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறார்கள். உங்கள் நான்கு ஆண்டுகள் அதற்குத் தாராளம். படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் தொடங்கி அக்டோபரில் முடிந்துவிடும்.