குதிரைப்படையில் இருந்த தாத்தாவின் மெடல்களை வைத்து அவர் எந்தப் போருக்குப் போனார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். முதலில் அவற்றைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். கார்த்திகைக்குக் குத்துவிளக்கோடு சேர்த்து எங்கள் ஆச்சி வருஷா வருஷம் தேய்த்ததில், அப்பாவின் மெடல் ஒன்றில் விளிம்பெழுத்து பாதி போய்விட்டது. விளிம்பில்தான் விஷயமே இருக்கிறது: நம்பர், ரேங்க், பேர், ரெஜிமெண்ட் எல்லாம் பொடி எழுத்தில். இரண்டாம் உலகப் போரின் நட்சத்திர வடிவ மெடல் என்றால் பேர் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் பர்மாவா, ஆப்பிரிக்காவா, இத்தாலியா என்பது முன்பக்கத்திலேயே இருக்கும்.

ரேங்க் சவார், தஃபேதார், ரிசல்தார் என்று இருந்தால் குதிரைப்படை. காலாட்படை என்றால் சிப்பாய், ஹவில்தார், சுபேதார்.

அப்புறம், குதிரையில் உட்கார்ந்த போட்டோவைத் தேடி அலையாதீர்கள். 1938 வாக்கிலேயே குதிரையை விட்டுவிட்டு மோட்டார் வண்டிக்கு மாற ஆரம்பித்துவிட்டார்கள், பேர் மட்டும் கேவல்ரி என்றே நின்றுவிட்டது. களக்காட்டிலிருந்து போய் 16வது லைட் கேவல்ரியில் சேர்ந்த எங்கள் அப்பா, ஒரு நாள்கூடக் குதிரை ஏறியதில்லை. 1776-இல் தொடங்கிய ரெஜிமெண்ட் அது, நம் தென்னாட்டு ஆட்களை எடுப்பது. அப்பா ஓட்டியது செஞ்சூரியன் டாங்கி. 1965 செப்டம்பரில், பாகிஸ்தான் போரில், சியால்கோட் பக்கம் பில்லோரா சண்டையில் இருந்தார். அதைப் பற்றிக் கேட்டால் பூனா ஹார்ஸ் தளபதி தாராபூர் உயிரைக் கொடுத்துப் பரம்வீர் சக்ரா வாங்கிய கதையைத்தான் சொல்வார். தன்னைப் பற்றி, "எடது காது அன்னைக்கே போச்சுல" என்பதோடு சரி.

அவருக்குக் கிடைத்தவற்றில் ரக்ஷா மெடலும் சமர் சேவா ஸ்டாரும் அந்தப் போருக்கானவை. ரக்ஷா மெடல் அப்போது பட்டாளத்தில் இருந்த பெரும்பாலோருக்கும் கொடுத்தது. போர் நடந்த பகுதியிலேயே இருந்தார் என்பதற்கு ஸ்டார்தான் சாட்சி. இதெல்லாம் வீரதீரப் பதக்கமா என்று யாராவது கிளம்பி வருவீர்கள். இல்லைதான், எனக்கும் தெரியும். நான் அப்படிச் சொல்லவும் இல்லை. உங்கள் தாத்தாவிடம் 1972-இன் சுதந்திர வெள்ளிவிழா மெடல் இருந்தால் அதை வைத்துப் போர்க்கதை கட்டிவிடாதீர்கள், அது அன்றைக்கு வேலையில் இருந்த எல்லோருக்கும் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வேலை பார்த்தவர் என்றால் டிஸ்சார்ஜ் புக்கைத் தேடுங்கள். அந்த நம்பரை வைத்து அகமத்நகரில் (இப்போது அகில்யாநகர்) இருக்கும் கவசப்படை ரெக்கார்ட்ஸுக்கு எழுதலாம்.

விலை கேட்கத்தான் இந்தக் கேள்வி என்றால், நான் சொல்ல ஒன்றுமில்லை. அப்படி இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அப்பா தஃபேதாராக ரிட்டையர் ஆனவர். ஊரில் அதை டபேதார் ஆக்கிவிட்டார்கள். தலைப்பாகையும் குறுக்குப் பட்டையுமாக கலெக்டருக்கு முன்னால் நடந்து போகிறவர் என்றுதான் பாதிப் பேர் நினைத்தார்கள். அந்த வேலையை நான் குறைவாகச் சொல்லவில்லை, எங்கள் சொந்தத்திலேயே ஒருவர் டபேதார். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் எனக்கு "டவாலி மகன்" என்று பட்டப்பேர்.

அப்பா இறந்த பிறகு அம்மாவின் பேர் ரெக்கார்டில் லட்சுமி, ஆதாரில் சுப்புலட்சுமி. பார்ட் டூ ஆர்டரில், அதாவது ரெக்கார்டில் மாற்றத்தைப் பதியும் பட்டாள உத்தரவில், திருத்தி வருவதற்குள் பதினோரு மாதம் ஓடிவிட்டது. நடுவில் ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். பேப்பரைப் பார்த்துவிட்டு அங்கே இருந்தவர் அம்மாவிடம், "வீட்டுக்காரர் எந்தக் கலெக்டர் கிட்ட டபேதாரா இருந்தாரு?" என்றார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவுக டாங்கி ஓட்டுனவுக அய்யா" என்றார்.

அவர் தண்ணீர் டாங்கி என்று நினைத்துக்கொண்டு, "அப்போ பஞ்சாயத்து போர்டா?" என்று கேட்டார்.