பானை–குயவன் வாதம் போதுமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், "கடவுள் இருப்பதை நிரூபியுங்கள், கோயிலுக்கு வருகிறேன்" என்கிறான். "பானை இருந்தால் குயவன் இருப்பான், உலகமும் அப்படித்தான்" என்றேன். ஏற்கவில்லை. நம்பிக்கைக்கு அறிவுவழியில் நியாயமே கிடையாதா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: நீங்கள் சொன்னது உதயனர் போன்ற நியாய மரபினர் (இந்தியத் தர்க்கவியல் தத்துவப் பள்ளியினர்) வலுவாகக் கட்டிய வாதம்தான். ஆனால் அதில் ஓட்டை உண்டு. அதைக் காட்டியவர்களில் முக்கியமானவர் நாத்திகர் அல்லர், இராமானுசர்!

அனுமானத்தின், அதாவது கண்டதை வைத்துக் காணாததை அறிவதன், உறுப்புகளை மணிமேகலையின் 29ஆம் காதை சொல்கிறது: "இம்மலையில் நெருப்பு உண்டு" என்பது பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று); "புகை இருப்பதால்" என்பது ஏது (காரணம்); "அடுக்களை போல" என்பது திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). அடுக்களையில் புகையையும் நெருப்பையும் சேர்த்தே பார்த்திருக்கிறோம். அதனால்தான் மலைக்கும் அது பொருந்துகிறது. குயவன் பானை வனைவதையும் பார்த்திருக்கிறோம். உலகம் உண்டானதை யார் பார்த்தார்கள்?

இராமானுசர் பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில், மூன்றாம் சூத்திர உரையில், இன்னும் நெருக்குகிறார். மலையும் கடலும் ஒரே காலத்தில், ஒருவராலேயே படைக்கப்பட்டன என்பதற்கு என்ன ஆதாரம்? தேரையும் மாளிகையையும் பலர் கூடித்தானே செய்கிறார்கள்? குயவனுக்கு உடம்பு இருக்கிறதே! உவமையை முழுதாகப் பிடித்தால் உடம்புள்ள பல கடவுளர்தான் மிஞ்சுவார்கள். ஆகவே பிரம்மத்தை அறிய சாஸ்திரமே வழி என்கிறார்.

"சாஸ்திரத்தை ஏன் நம்ப வேண்டும்?" என்று மகன் கேட்பான். கேட்கட்டும். அங்கே நிரூபணம் முடிகிறது. சான்று போதாதபோது நம்பலாமா என்பதுதான் இனிக் கேள்வி. கூடவே கூடாது என்றார் இங்கிலாந்தின் கணித, தத்துவ அறிஞர் கிளிஃபர்டு, 1877இல். அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1896இல் அதை மறுத்தார்: சான்றால் தீராத கேள்வியாக இருந்து, தெரிவு தவிர்க்க முடியாததாகவும் வாழ்க்கையையே பாதிப்பதாகவும் இருந்து, இரண்டு பக்கமும் நம் மனத்துக்கு உண்மையிலேயே சாத்தியமாகப் பட்டால், மனம் சாயும் பக்கம் நம்பலாம். எனக்கு ஜேம்ஸ் சொல்வதே சரியாகப் படுகிறது, நிபந்தனைகளோடு சேர்த்து. "விரதம் இருந்தால் சர்க்கரைக்கு மாத்திரை வேண்டாம்" என்பது ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம். அதற்கு இந்தச் சலுகை கிடையாது.

மகனிடம் "நிரூபிக்க முடியாது, ஆனாலும் நம்புகிறேன்" என்று நேராகச் சொல்லுங்கள். "இல்லையென்று நீ நிரூபி" என்று மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள். அவனால் முடியாமல் போவது உங்களுக்குச் சான்றாகாது. கடவுள் என்பது அவன் மனத்துக்குச் சாத்தியமாகவே படவில்லை என்றால், ஜேம்ஸின் வாதம் அவனைக் கட்டுப்படுத்தாது. கோயிலுக்குக் கூப்பிடுங்கள்; வற்புறுத்த வேண்டாம்.